விதி பதினான்கும் வோஸ்பர்கின் அஸ்தியும்

ஒரு நகரம் முழுவதையும் ஒரே குரலில் பேச வைத்த மாமனிதர்கள் உலக வரலாற்றில் மிகச் சிலரே. அவர்களில் தலையாயவர் எங்கள் போர்ட் வென்டல் ஹெரன்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளர், அமரர் ஹார்லன் வோஸ்பர்க். கத்தோலிக்கரும் லூத்தரன்களும், ஆலைத் தொழிலாளரும் ஆலை முதலாளிகளும், கணவனும் மனைவியும் மற்ற எதில் முரண்பட்டாலும், ஞாயிறு பிற்பகல் அரங்கில் உட்கார்ந்துவிட்டால் முப்பத்தொரு ஆண்டுகள் ஒரே வாசகத்தைத்தான் முழங்கினார்கள்:

"டீமை வித்துட்டுப் போய்யா!"

இந்த ஒற்றுமை தானாக வந்துவிடவில்லை. அதற்காக அவர் அயராது உழைத்தார். பத்தொன்பது மேனேஜர்களை நீக்கினார். அதில் ஒருவரை அந்த மேனேஜரின் சொந்தக் கல்யாண விருந்தில், கேக் வெட்டுவதற்குச் சற்று முன்பு. அணி தோற்கும்போது சோகமாக வாசித்தார் என்று அரங்கின் ஆர்கன் கலைஞரை வீட்டுக்கு அனுப்பினார். தோற்கும்போது உற்சாகமாக வாசித்தார் என்று அடுத்தவரையும் அனுப்பினார். வெட்கம் தாங்காத ரசிகர்கள் காகிதப் பையில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டுத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆட்டம் பார்க்க ஆரம்பித்தபோது, அரங்கத்துக்குள் காகிதப் பையையே தடை செய்தார். அன்றிலிருந்து எங்கள் ஊர் மக்கள் சாண்ட்விச்சை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு, நற்கருணை வாங்கப் போகிறவர்களைப் போல வரிசையில் வந்தார்கள். இந்தப் பக்திப் பெருக்குக்கும் அவரே காரணம்.

நான் அவருடைய தகவல் தொடர்பு இயக்குநர். பெயர் கிளைட். பதினாறு ஆண்டுகள் அவரிடம் தாக்குப்பிடித்தேன். அந்தச் சாதனையின் ரகசியத்தைப் பலரும் கேட்டிருக்கிறார்கள். தாம் கையெழுத்திடும் எதையும் அவர் படித்துப் பார்ப்பதில்லை. அவர் சொல்லும் எதையும் நான் மறுப்பதில்லை. அவ்வளவுதான்.

ஆனாலும் அவருடைய சாதனைகளின் சிகரம் விதி பதினான்குதான். எங்கள் ஊரில் சாகிறவர்களில் பாதிப்பேர், தங்கள் சாம்பலை மைதானத்தில் தூவும்படி சொல்லிவிட்டுத்தான் சாகிறார்கள். உயிரோடிருந்தவரை அணி கோப்பை வாங்கிப் பார்க்கவில்லை, அதன் பிறகாவது பார்க்கலாமே என்ற நம்பிக்கை. வோஸ்பர்க் இதை "புல்வெளி மாசு" என்று அழைத்தார். விதி சொன்னது: "மனித சாம்பல் எக்கலத்தில், எவரால், எவருடையதாகக் கொண்டுவரப்பட்டாலும் வாயிலில் பறிமுதல் செய்யப்படும். உரிமையாளரின் கையெழுத்தின்றித் திருப்பித் தரப்படாது. விதிவிலக்கு இல்லை." கடைசி இரண்டு சொற்களை அவரே சிவப்பு மையில் சேர்த்தார்.

அந்த விதியில் சிக்கியவர்களில் ஒருவர் ஸ்டான் கோபெக்கி. இடது கோடி வேலியை ஒட்டிய இருக்கையில் முப்பத்துநாலு வருடம் மாட்டு மணி அடித்துக் கூச்சலிட்டவர். ஊரில் அவரைத் தெரியாதவர் கிடையாது. அவர் இறந்ததும் மனைவி ரோசலி சாம்பலைக் காபி டப்பாவில் போட்டு எடுத்து வந்தார். வாயிலில் பறித்தார்கள். டப்பா, தொலைந்த பொருள் அலமாரிக்குப் போனது. அதன் பிறகு ஒவ்வொரு ஆண்டும் முதல் ஆட்டத்தன்று ரோசலி அந்தப் பிரிவின் ஜன்னலுக்கு வருவார். பதிவேட்டில் "உரிமை கோருபவர்" என்ற கட்டத்தில் பெயர் எழுதுவார். ஒரு விண்ணப்பம் கொடுப்பார். போவார். பதினோரு ஆண்டுகள்.

இந்த மே மாதம், இருபதாவது மேனேஜரை நீக்கும் கடிதத்தில் கையெழுத்திட்டு முடித்த கையோடு வோஸ்பர்க் காலமானார். கடமையிலேயே உயிர் துறந்தார் என்று அறிக்கை எழுதினேன். அன்று அவர் கையெழுத்திட்ட தாள்களில் ரோசலியின் பதினோராவது விண்ணப்பமும் இருந்தது. அது அந்தக் கட்டுக்குள் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. அறிக்கையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

உயிலைத் திறந்தார்கள். தம் அஸ்தியை மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டில், நிறைந்த அரங்கத்தின் முன்னிலையில், "பூரண மௌனத்தில்" தூவ வேண்டும் என்று எழுதியிருந்தார்.

அரங்கத்தை நிறைப்பது எளிது. அவர் போய்விட்டதை நேரில் உறுதி செய்துகொள்ள ஊரே வரும். மௌனம்தான் சிக்கல். உடனே "மௌனக் குழு" கூடியது. நான் தலைவர்.

"ஒரு நிமிஷம் வைக்கலாமா?" என்றேன்.

"ஒரு நிமிஷத்துல நாப்பது தடவ 'வித்துட்டுப் போய்யா' சொல்லலாம். நான் வீட்டுல சொல்லிப் பாத்தேன்" என்றார் பாதுகாப்பு அதிகாரி.

"சரி, பதினஞ்சு செகண்டு?"

"ஒம்போது. அதுக்கு மேல நான் பொறுப்பில்ல."

ஒலிபெருக்கிப் பிரிவு இளைஞர் கை உயர்த்தினார். "சார், எங்கிட்ட பதிவு பண்ணின மௌனம் இருக்கு. சர்ச்சுல எடுத்தது, நல்ல தரம். சத்தமா போட்டா கூச்சல் கேக்காது."

குழு இதை ஆழ்ந்து பரிசீலித்தது. பாராட்டித் தீர்மானமும் நிறைவேற்றியது. ஒன்பது விநாடி என்று முடிவாயிற்று. அதில் கூச்சல் எழுந்தால் நான் பதவி விலக வேண்டும் என்றும் முடிவாயிற்று. அது மட்டும் ஒருமனதாக.

ஞாயிறு பிற்பகல். இருபத்தோராயிரம் பேர். மகன் ஹார்லன் ஜூனியர் ஃபுளோரிடாவில் படகில் இருந்ததால், மலர் வளையம் மட்டும் அனுப்பியிருந்தார். அஸ்தி வக்கீல் அலுவலகத்திலிருந்து கூரியரில் வர வேண்டும். ஒரு மணிக்கு நிகழ்ச்சி. பன்னிரண்டே முக்காலுக்கு நான் வாயிலுக்கு ஓடினேன்.

"பெர்னடெட், பார்சல் வந்துச்சா? வெண்கலக் குடம்?"

வாயில் காவலர் பெர்னடெட் சூயிங்கம் மென்றபடி தலையாட்டினார். "வந்துச்சு. தொறந்து பாத்தேன். சாம்பல். பறிமுதல் பண்ணியாச்சு."

"அடிப்பாவி, அது நம்ம முதலாளி!"

"'எவருடையதாக'ன்னு விதியில போட்டிருக்குல்ல? எனக்குப் படிக்கத் தெரியும் கிளைட். வேலைக்குச் சேந்த அன்னைக்கே என் மூஞ்சிக்கு நேரா விரல நீட்டிச் சொன்னாரு: 'நானே சாம்பலா வந்தாலும் உள்ள விடாதே'ன்னு. வந்தாரு. விடல."

ஒரு நிறுவனத்தில் ஒழுங்கு எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தால் இப்படி ஒரு பதில் வரும்! பெருமிதம் பொங்க, தொலைந்த பொருள் ஜன்னலுக்கு ஓடினேன். உள்ளே அலமாரிப் பொறுப்பாளர் ஆஸ்கர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆஸ்கர், அந்தக் குடத்தக் குடுய்யா, சீக்கிரம்!"

"உரிமையாளர் கையெழுத்து?"

"உரிமையாளர் உன் அலமாரிக்குள்ளதான்யா இருக்காரு!"

"அப்ப வெளிய வந்து போடச் சொல்லுங்க."

"அவர் பையன் போட்டா?"

"பையன பேஸ்பால் லீக் நிர்வாகம் இன்னும் ஒத்துக்கல. ஒத்துக்கிட்டப்புறம்தான் அவரு உரிமையாளரு. அதுவரைக்கும் இந்த டீமுக்கு உரிமையாளரே இல்ல. இருபது வருஷத்துல இப்பத்தான் நிம்மதியா இருக்கு."

அப்போதுதான் பக்கத்தில் நின்றவரைக் கவனித்தேன். ரோசலி கோபெக்கி. ஒரு கையில் வோஸ்பர்க் கையெழுத்திட்ட தாள். இன்னொரு கையில் துருப்பிடித்த காபி டப்பா. அப்போதுதான் வாங்கியிருக்கிறார், மூடியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"என்ன தம்பி, மொகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கு?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. டப்பாவை உயர்த்திக் காட்டினார்.

"உங்ககிட்ட கூட்டம் இருக்கு, சாம்பல் இல்ல. எங்கிட்ட சாம்பல் இருக்கு. நான் வரவா?"

"வேணாம்மா. தெரிஞ்சா என் வேல போயிரும்."

"வெறுங்கையோட போனா மட்டும் நிலைக்குமா? என்னத்தத் தூவுவீங்க, மிளகுத்தூளா?"

நான் ஆஸ்கரைப் பார்த்தேன். அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "வாசல் வழியா கொண்டுவரக் கூடாதுன்னுதான் இருக்கு. இது பதினோரு வருஷமா உள்ளதான இருக்கு? ஆட்சேபணை இல்ல."

"ஆனா ஒண்ணு" என்றார் ரோசலி. "நான்தான் தூவுவேன். ஹோம் பிளேட்ல இல்ல. இடது கோடி வேலி ஓரம்."

"உயில்ல ஹோம் பிளேட்னு இருக்கேம்மா..."

"உயிலு உங்க முதலாளியோடது. சாம்பல் என் வீட்டுக்காரரோடது."

கண்டெடுத்த குடை ஒன்றை ஒப்படைக்க வந்திருந்த வேர்க்கடலை விற்பவர் லூ, எல்லாவற்றையும் கேட்டபடி நின்றிருந்தார். குடையை ஜன்னலில் போட்டுவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு படியேறினார். அன்று அவர் ஒரு பொட்டலம்கூட விற்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வரிசையிலும் நின்று, குனிந்து ஏதோ சொன்னார்.

ஒரு மணி. நான் மலர் வளையத்துடனும் ரோசலி டப்பாவுடனும் மைதானத்தில் இறங்கினோம். "குடும்பப் பிரதிநிதி" என்று அறிவித்தார்கள். அரங்கத்தில் ஆயிரக்கணக்கான காகிதப் பைத் தலைகள். காலுறைக்குள் மடித்துக் கடத்தி வந்திருக்கிறார்கள். அறிவிப்பாளர் "மௌனம்" என்ற சொல்லை முடிப்பதற்குள் வலது பக்கத்திலிருந்து கிளம்பியது:

"டீமை வித்துட்டுப் போ..."

பாதியில் நின்றது. பக்கத்திலிருந்தவர் முழங்கையால் இடித்திருக்க வேண்டும். லூ அங்கேதான் நின்றிருந்தார். இடது பக்கத்தில் ஒருவர் தலையிலிருந்து பையைக் கழற்றினார். பிறகு அவர் வரிசை. பிறகு அந்தப் பகுதி முழுவதும். இருபத்தோராயிரம் பேர் எழுந்து நிற்கும் ஓசை மட்டும் கேட்டது. அதற்கப்புறம் அதுவும் இல்லை.

ரோசலிக்கு முழங்கால் வலி, மெல்லத்தான் நடந்தார். ஒன்பது விநாடியில் பத்தடிகூடத் தாண்டவில்லை. அரங்கம் காத்திருந்தது. வேலி ஓரம் வந்ததும் மூடியைத் திறந்தார்.

"எறங்குய்யா. அலமாரியில தூங்கினது போதும்" என்றார். எனக்கு மட்டும்தான் கேட்டது. "இந்த வருஷமும் இவனுங்க ஜெயிக்கப்போறதில்ல. இருந்தாலும் பாரு."

டப்பாவைக் கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டினார். அன்று ஒன்பதுக்கு இரண்டு என்று தோற்றோம்.

மறுநாள் பத்திரிகைகள் எழுதின: "நகரம் மன்னித்தது." நான்கு நிமிடம் பதினோரு விநாடி மௌனம், எந்த உரிமையாளருக்கும் கிடைக்காத அஞ்சலி என்று லீக் தலைமையகம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு என் அறையில் மாட்டியிருக்கிறேன்.

ஆகஸ்டில் மகனை லீக் ஏற்றுக்கொண்டது. அவர் உரிமையாளராகச் செய்த முதல் காரியம், ஊர் முப்பத்தொரு ஆண்டுகள் கேட்டதைச் செய்ததுதான்: அணியை விற்றார். நாற்பத்திரண்டு இடத்தில் கையெழுத்திட்டார். நாற்பத்து மூன்றாவதாக ஒன்று தேவைப்படுகிறது, தங்கள் தந்தையார் எங்கள் அலமாரியில் இருக்கிறார் என்று உள்ளதை உள்ளபடி மூன்று முறை எழுதினேன். "புதிய உரிமையாளரை அணுகவும்" என்று அவருடைய செயலாளர் பதில் எழுதினார்.

புதிய உரிமையாளர்கள் நல்லவர்கள். காகிதப் பைத் தடையை நீக்கிவிட்டார்கள். குடத்துக்கும் உடனே கையெழுத்திடத் தயார் என்றார்கள். விதிப்படி, குடும்பத்திலோ நண்பர்களிலோ யாராவது ஒருவர் பதிவேட்டில் பெயர் எழுதினால் போதும்.

அமரர் வோஸ்பர்க் மூன்றாம் தட்டில், ஒரு பல்செட்டுக்கும் லூ கொண்டுவந்த குடைக்கும் நடுவில் இருக்கிறார். பதிவேட்டில் ஸ்டான் கோபெக்கிக்கு நேராக ஒரே பெயர் பதினோரு முறை எழுதப்பட்டிருக்கிறது. இடம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருக்கிறார். வோஸ்பர்குக்கு நேரான கட்டத்தைத் தினமும் காலையில் போய்ப் பார்க்கிறேன். பேனா நூலில் கட்டித் தொங்குகிறது. ஒருவேளை மை தீர்ந்திருக்குமோ என்று ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தேன். நன்றாகவே எழுதுகிறது.