ஐந்து குபி

மேனேஜர் அறைக் கதவைத் தட்டப் போன கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. உள்ளேயிருந்து தெளிவாகக் கேட்டது: "குபி."

பேக்கிங் சூப்பர்வைசர் கதவில் காதை வைத்தார். கம்பெனியை ஜப்பான்காரர்கள் வாங்கியதிலிருந்து மேனேஜர் முதல் சூப்பர்வைசர்கள் வரை எல்லோருக்கும் சாயங்காலம் ஜப்பானிய வகுப்பு. நேற்றுப் பாடத்தில் வந்த வார்த்தைதான் இது. குபி என்றால் கழுத்து. டீச்சர் அதோடு விட்டிருக்கலாம். "வேலையை விட்டுத் தூக்குறதுக்கும் இதையேதான் சொல்வாங்க" என்று தன் கழுத்தில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டித் தொலைத்தார்.

"குபி... குபி."

கதவோரம் பளபளவென்று ஒரு ஜோடி புது ஷூ. இந்த ஆபீஸில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போகிற ஆள் யார்? ஐயோ, ஜப்பான் டைரக்டர் வந்துவிட்டார்!

உள்ளே இன்னும் இரண்டு தடவை கேட்டது. மொத்தம் ஐந்து குபி. பேக்கிங்கில் அவரையும் சேர்த்து ஐந்து பேர். பதினெட்டு வருஷ வேலை.

மாடிப்படிக்கு அடியில் பதுங்கி மனைவிக்கு போன் போட்டார்.

"என்னங்க, இப்படி மூச்சு வாங்குது?"

"போச்சு, எல்லாம் போச்சு! எங்க அஞ்சு பேரையும் தூக்கப் போறாங்க."

"அந்த லேபிள் விஷயம் தெரிஞ்சு போச்சா?"

அதுவரை அவருக்கு அந்த ஞாபகமே இல்லை. போன மாதம் முந்நூறு பெட்டி ஷாம்பூவுக்குத் தரை கழுவுகிற திரவத்தின் லேபிளை எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். பழியை மிஷின் மேல் போட்டார். மேனேஜரும் நம்பி, மிஷின்காரரோடு மல்லுக்கு நின்று, நல்ல மிஷினைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"முதல்ல உங்க ஆளுங்க காதுல போட்டு வைங்க, பாவம்."

போட்டார். நாலு பேரும் கையிலிருந்ததை அப்படியே போட்டார்கள்.

"எனக்கு மூணு பிள்ளைங்க சார்!" டேப் ஒட்டுகிற பெண் ஓவென்று அழுதாள்.

பெல்ட்டில் வந்த பெட்டிகள் முட்டி மோதிக் கீழே விழுந்தன. "நிறுத்துங்க!" என்று கத்தினார். அவள் அழுகையை நிறுத்தினாள். பெல்ட்டை யாரும் நிறுத்தவில்லை.

அவள் முகத்தைப் பார்க்க அவருக்கு மனசு கேட்கவில்லை. தப்பு செய்தது நான், இவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? ஒரு பேப்பரை இழுத்து எழுதினார்: 'லேபிள் தவறு முழுக்க என்னுடையது. மிஷின் மேல் பழி போட்டதும் நானே. மற்ற நால்வரையும் விட்டுவிடவும்.' கையெழுத்துப் போட்டு, ஓடிப் போய்க் கதவுக்கு அடியில் தள்ளினார்.

தள்ளிய கையோடு தைரியமும் போய்விட்டது. தரையில் குப்புறப் படுத்து, ஸ்கேலை நுழைத்துப் பேப்பரை இழுக்கப் பார்த்தார். அது இன்னும் உள்ளே போனது. நாற்காலி நகரும் சத்தம். குபி நின்றுவிட்டது.

கதவு திறந்தது. டீ கொடுக்கிற அக்கா காலி தம்ளரோடு வெளியே வந்து, கதவைச் சாத்தினாள்.

"கீழ என்ன சார் தேடுறீங்க?"

"அக்கா... ஜப்பான் டைரக்டர் ரொம்பக் கோவமா இருக்காரா?"

"அவர் நாளைக்குத்தானே வர்றாரு! உள்ள நம்ம மேனேஜர்தான் சார். ஜப்பான்காரங்க மாதிரி ஷூவக்கூட வெளிய விட்டுட்டு, காலைலேர்ந்து குபி குபின்னு பாடம் படிக்கிறாரு, மண்டையில ஏறவே இல்ல. இப்ப நம்ம பாஷையில ஏதோ ஒரு பேப்பர் கெடச்சிருக்கு, ஒரே தடவைதான் படிச்சாரு, அதுக்குள்ள பாக்காமலே சொல்றாரு!"