வெள்ளத்தாய் வீட்டு ஏழு குறைகள்

அன்று காலை மூன்றாவது இட்லியை முடிப்பதற்குள் சங்கரலிங்கம் ஒரு தீர்மானத்துக்கு வந்துவிட்டார். முப்பத்தாறு வருடமாகத் தம்மால் வெல்ல முடியாத மனைவியை இனி அரசாங்கத்தைக் கொண்டு வெல்வது.

விஷயம் ஒரு மாடி. ராஜபாளையத்தில் அவர் வீட்டுக்கு நேரெதிரே அவருடைய தம்பி வீடு. தம்பி போன வருடம் மாடி எடுத்துவிட்டான். எடுத்ததோடு நில்லாமல் தினமும் காலையில் அங்கே நின்று பல் துலக்கினான். அண்ணன் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்கும் நேரம் பார்த்தே துலக்கினான் என்பது சங்கரலிங்கத்தின் கட்சி. நூற்பாலையில் முப்பத்தோரு வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், தம்பியின் வாய்க்கொப்பளிப்பை அண்ணாந்து பார்ப்பதற்காகப் பிறந்தவர் அல்லர். பிளான் வாங்கியாயிற்று. செங்கல்லும் கம்பியும் வந்து இறங்கி, வாசல் போதாமல் பாதித் தெருவை அடைத்துக் கிடந்தன. முன்னறையில் கட்டில் இருந்த இடத்தில் சிமெண்டு மூட்டைகள் குடியேறியிருந்தன. இனி வேண்டியது கட்டுமானச் செலவு. அதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் வெள்ளத்தாயின் அப்பா அவள் பெயருக்கு எழுதிவைத்துப் போன ஓட்டு வீட்டை விற்க வேண்டும்.

வெள்ளத்தாய் விற்க மாட்டேன் என்றாள்.

"ஒம்பது வருசமாப் பூட்டிக் கெடக்கு. எதுக்குட்டி அந்த வீடு?"

"இருக்கட்டும்."

"இருந்து என்ன செய்யப் போகுது?"

"ஒண்ணும் செய்யாது. உங்க தம்பி மாடி மட்டும் என்ன செஞ்சுச்சு?"

இதற்குமேல் அவளிடம் ஒரு வார்த்தை பெயராது. சங்கரலிங்கம் கத்திப் பார்த்திருக்கிறார். பட்டினி கிடந்து பார்த்திருக்கிறார். பட்டினி அரை நாள்தான் தாங்கியது. ஆகவேதான் அரசாங்கம். இடிந்து விழும் நிலையில் ஒரு கட்டடம் இருப்பதாக யாராவது மனுக் கொடுத்தால் அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். பழுது பார், இல்லையேல் இடி என்று நோட்டீஸ் வரும். நோட்டீஸைக் கண்டால் வெள்ளத்தாய் நடுங்குவாள். நடுங்கினால் விற்பாள். இவ்வளவும் அவர் இட்லியின் கடைசி விள்ளலோடு முடிவு செய்தது.

மறுநாள், மகாராஜபுரத்தில் ஒரு சாவு, துஷ்டி கேட்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். துஷ்டி கேட்கப் போகிறவர் எதற்கு அளவு டேப் எடுத்துக்கொண்டு போகிறார் என்று வெள்ளத்தாய் கேட்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, தம்மிடம் இருந்த மறுசாவியால் மாமனார் வீட்டைத் திறந்து, மூன்று மணி நேரம் அளந்தார். அவர் அளக்கத் தெரிந்த மனிதர். மில்லில் ஒரு நூல் பிசகினாலும் இயந்திரம் நின்றுவிடும். அங்குலத்தில் எட்டிலொரு பங்கான அந்த ஒரு நூலுக்காக அவர் எத்தனையோ பேரை வைதிருக்கிறார்.

மாலையில் திரும்பியபோது வெள்ளத்தாய் வாசலிலேயே மறித்தாள்.

"துஷ்டி வீட்டுக்குப் போயிட்டு அப்படியே உள்ள வராதீக. பின்னால போயி தலைக்கு ஊத்திட்டு வாங்க."

"காய்ச்சலா இருக்குட்டி."

"செத்தவுகளுக்கு மரியாதை வேணும்லா. தோள்ல என்னது, ஒட்டடை?"

"பந்தல்ல கெடந்தது."

மார்கழிக் குளிரில், சாகாத ஒருவருக்காக, அவர் நான்கு குடம் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார். ஊற்றும்போதுகூட அவருக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

மனு அபாரமாக வந்தது. ஏழு குறைகள். "மேற்படி கட்டடத்தின் தென்மேற்கு உள்ளறைச் சுவரில் மூன்றடி ஏழங்குலம் இரண்டு நூல் நீளத்துக்கு விரிசல் காணப்படுகிறது" என்று தொடங்கி ஐந்து குறைகள் கட்டடத்தைப் பற்றியவை. ஆறாவது, பின்கட்டில் தெருநாய் ஒன்று நான்கு குட்டிகளை ஈன்று பொதுமக்களை அச்சுறுத்துவது. ஏழாவதை எழுதி முடித்து, பெருமையில் இரண்டு தரம் வாய்விட்டுப் படித்தார்: "குடியிருப்போர் எவரும் இல்லாமையால் மேற்படி இல்லம் பொதுச் சுகாதாரத்துக்குக் கேடாக விளங்குகிறது."

பெயரில்லாத மனு குப்பைக்குப் போகும் என்பதை அவர் அறிவார். ஆகவே அந்த வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரரான தையல்காரர் இருதயத்தின் பெயரைப் போட்டார். இருதயம் அப்போது கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருந்தார். அவருடைய கையெழுத்தையும் சங்கரலிங்கமே போட்டார். அசலைவிட நன்றாக இருந்தது.

பதினைந்தாம் நாள் தள ஆய்வு. வெள்ளத்தாய் நடுங்கவில்லை, சேலை மாற்றிக்கொண்டு, சாவியை எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடித்தாள்; சங்கரலிங்கம் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆய்வுக்கு வந்தவள் யுவராணி என்ற இளம் நகராட்சி அதிகாரி. பூட்டைத் திறந்து, மனுவை ஒரு கையிலும் டேப்பை மறுகையிலும் வைத்துக்கொண்டு உள்ளறைச் சுவரை அளந்தாள். பிறகு மறுபடியும் அளந்தாள்.

"மூன்றடி ஏழு அங்குலம் ரெண்டு நூல். அப்படியே இருக்கும்மா. பூட்டின வீட்டுக்குள்ள எப்படி அளந்தாங்க?"

இருதயம் கோயம்புத்தூரிலிருந்து முந்தின நாள்தான் திரும்பியிருந்தார். கூப்பிட்டதும் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தார்.

"மனு நீங்க குடுத்ததா ஐயா?"

"நானா தாயி? எனக்கு முட்டி மடங்காது. நான் எங்கிட்டு ஏறி அளக்க? நூலுன்னா எனக்குத் தைக்கிற நூலுதான் தெரியும்."

"கையெழுத்து?"

அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "என் கையெழுத்துதான். ஆனா நான் இம்புட்டு அழகாப் போட மாட்டேன்."

யுவராணி வெள்ளத்தாயிடம் திரும்பினாள். "இந்த வீட்டுக்கு எத்தனை சாவிம்மா?"

"ரெண்டு. ஒண்ணு இந்தா இருக்கு."

"இன்னொண்ணு?"

வெள்ளத்தாய் கணவர் பக்கம் திரும்பவே இல்லை. "அது எங்கயோ தொலைஞ்சு போச்சு."

சங்கரலிங்கத்தின் சட்டைப் பையில் அந்தச் சாவி கனத்தது. பேச்சை மாற்றுவதற்காக அவர் பின்கட்டைக் காட்டினார். "மேடம், அந்த நாயையும் குட்டிகளையும் இன்னைக்கே பிடிச்சுட்டுப் போயிருவீகளா?"

"பிடிப்பாங்க சார். கருத்தடை செஞ்சு, ஊசி போட்டு, பிடிச்ச இடத்துலயே திரும்பக் கொண்டாந்து விடணும். விதி அதுதான்."

"இதே எடத்துலயா?"

"இதே இடத்துல."

"நாய்க்குக்கூட அதோட எடம் உறுதி. எனக்கு அது இல்ல," என்றாள் வெள்ளத்தாய், யாரிடமும் சொல்லாததுபோல.

நோட்டீஸும் மனுவின் ஜெராக்ஸும் வெள்ளத்தாய் கைக்கு வந்தன. முப்பது நாட்களுக்குள் பழுது பார்க்கவேண்டும், இல்லையேல் இடிக்கவேண்டும். திரும்பும் பஸ்ஸில் சங்கரலிங்கம் தொண்டையைச் செருமினார். சேத்தூரில் ஒரு பார்ட்டி தயாராக இருப்பதாகச் சொன்னார். இடிக்கும் தொல்லையையும் அவர்களே ஏற்றுக்கொள்வார்கள் என்றார். அரசாங்கத்தோடு மல்லுக்கு நிற்க முடியாது என்று நியாயமும் பேசினார்.

"முப்பது நாள் இருக்குல்லா," என்றாள் அவள்.

அந்த அமைதியை அவர் தோல்வி என்று எடுத்துக்கொண்டார். அன்றிரவு நன்றாகத் தூங்கினார்.

எட்டாம் நாள் இன்னொரு நோட்டீஸ் வந்தது. இது ராஜபாளையம் வீட்டுக்கு, அவருடைய பெயருக்கே. பொதுத் தெருவை ஆக்கிரமித்துக் கட்டுமானப் பொருட்களைக் குவித்திருப்பதால் ஏழு நாட்களுக்குள் அகற்றவேண்டும். தவறினால் அவை பறிமுதல் செய்யப்படும்.

"எந்தம்பி வேலை இது. மாடி வந்துரும்னு அவனுக்கு வயித்தெரிச்சல்."

"மனுக் குடுத்தவுக பேரு அடியில இருக்கும். வாசிங்க."

வாசித்தார். மனுதாரர்: ச. வெள்ளத்தாய். கதவு எண், தெரு, தொலைபேசி எண், எல்லாம் சரியாக இருந்தன. அவர் மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். பெயர் மாறவில்லை.

"நீயா?"

"எம் பேரு போட்டுத்தான குடுத்திருக்கேன்."

"கட்டின புருசன் மேலயே மனுவா?"

"செங்கல் மேல. ரெண்டு மாசமாத் தெருவுக்குள்ள ஆட்டோ நுழைய எடமில்ல. மனுக் குடுத்தா காரியம் நடக்கும்னு எனக்கும் இப்பத்தான தெரிய வந்துச்சு."

"ஏழு நாளைக்குள்ள இதை எங்கிட்டுக் கொண்டுபோயி வைக்க?"

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல எங்க அப்பா வீடு சும்மாதான கெடக்கு. சிமெண்டையும் ஏத்திருங்க, இங்க கெடந்தா கட்டிதட்டிப் போகும்."

வேறு வழி இருக்கவில்லை. ஒரு சின்ன லாரியைப் பிடித்து அவரே நின்று ஏற்றினார். தம்பி மாடியிலிருந்து பல் துலக்கியபடி பார்த்துக்கொண்டிருந்தான். விற்கும்வரை பாதுகாப்பாக இருக்கட்டும் என்று சங்கரலிங்கம் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து, இரண்டாவது லோடோடு அவர் போய் இறங்கியபோது முதல் லோடு செங்கல் பாதி காலியாகியிருந்தது. கூரையில் இரண்டு பேர் ஓடு மாற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளறையில் கொத்தனார் மாரிச்சாமி, ஒரு ஜெராக்ஸ் தாளைச் சுவரில் ஆணியடித்து மாட்டி, அதைப் பார்த்துப் பார்த்துப் பூசிக்கொண்டிருந்தார். தாளின் தலைப்பில் 'மனு' என்று இருந்தது.

"வாங்க அண்ணாச்சி. அளவு நீங்கதான் எடுத்ததுன்னு மதினி சொன்னாக. இருவது வருசத்துல இப்படி ஒரு எஸ்டிமேட்டு நான் பாத்ததில்ல. ரெண்டு நூல் வரைக்கும் எழுதியிருக்கீகளே. எஞ்சினியருக்குக் குடுக்கிற காசு மதினிக்கு மிச்சம்."

அரை நிமிடம் சங்கரலிங்கத்துக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகுதான் அவர் மனைவியைப் பார்த்தார். அவள் சல்லடையில் மணல் சலித்துக்கொண்டிருந்தாள். நான் அளக்கவில்லை என்று மறுத்தால் கொத்தனாரின் பாராட்டு போய்விடும். ஆமாம் என்றால் மற்றதெல்லாம் போய்விடும். "அந்த மூலையில மட்டம் சரியில்ல," என்று மட்டும் சொல்லிவிட்டு, அதன் பின் தினமும் பஸ் ஏறி வந்து, தம் மாடிக்கென்று வாங்கிய கம்பியும் சிமெண்டும் மாமனார் வீட்டுக்குள் போவதைத் தாமே மேற்பார்வை பார்த்தார். கூலிக்கு வெள்ளத்தாய் என்ன செய்தாள் என்று அவர் கேட்கவில்லை. அவள் கையில் வளையல்கள் இல்லாததைக் கவனிக்கவும் இல்லை.

இருபத்தாறாம் நாள் யுவராணி மறுபடியும் வந்தாள். ஐந்து குறைகளுக்கும் பேனாவால் குறி போட்டாள். காது நுனி வெட்டப்பட்டு, ஊசியும் போடப்பட்டுத் திரும்பி வந்திருந்த நாய், பின்வாசலில் படுத்து அவளை ஒரு கண்ணால் பார்த்தது. ஆறாவதுக்கும் குறி.

"ஏழாவது, குடியிருப்போர் இல்லைன்னு இருக்கு. இதுக்கு என்னம்மா செய்யப் போறீங்க?"

"நான் இருக்கேன்," என்றாள் வெள்ளத்தாய்.

சங்கரலிங்கம் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அப்போதுதான் உள்ளே கண் போயிற்று. அடுப்பு வைத்தாயிற்று. கொடியில் அவளுடைய நான்கு சேலைகள் தொங்கின. முந்தின நாள், விளக்கும் சாமி படங்களும் இருப்பதாகச் சொல்லி அவரையே பஸ்ஸில் தூக்கிவர வைத்த டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது.

"எம்புட்டு நாளைக்கு?"

"மனுவுல நாள் கணக்கு ஒண்ணும் போடலயே."

"என்னட்டி பேசுத? சோத்துக்கு நான் எங்க போக?"

"உங்க தம்பி வீட்டு மாடியிலயும் அடுப்பு இருக்கும்."

"ஒரு தாள் எழுதினது தப்புத்தான். அதுக்காக வீட்டை விட்டா போவாக?"

அவள் முகத்தில் கோபத்தைத் தேடினார்; இருந்திருந்தால் சமாளித்திருப்பார். துணி மடிக்கும்போது இருக்கும் முகம்தான் இருந்தது.

"முப்பத்தாறு வருசம் உங்க வீட்ல இருந்தேன். ஒரு குறை எழுதிக் குடுக்கல. எங்க அப்பா வீட்டுக்கு நீங்க ஏழு எழுதினீக. ஏழையும் சரி பண்ணியாச்சு. இதுக்கு மேல எங்கிட்ட என்ன இருக்கு சொல்லுங்க."

யுவராணி பார்வையைத் தாளுக்குத் தாழ்த்திக்கொண்டாள். கோப்பை முடிக்க மனுதாரரின் கையெழுத்து வேண்டும் என்றாள். எதிர்வீட்டு இருதயம் வாசலில் நின்றபடியே கையை ஆட்டினார்.

"எழுதாத மனுவுக்கு நான் எதுக்குத் தாயி கையெழுத்துப் போட?"

"அவரை ஏன் அலைக்கழிக்க? இவுக போடுவாக," என்றாள் வெள்ளத்தாய்.

யுவராணி கணவரையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தாள். வேறொன்றும் கேட்காமல் பேனாவை அவரிடம் நீட்டினாள். 'மனுவில் கண்ட குறைகள் யாவும் நிவர்த்தி செய்யப்பட்டன. எனக்கு முழுத் திருப்தி' என்று அச்சடித்த வரியின் கீழே, சங்கரலிங்கம் இம்முறை தம் சொந்தப் பெயரை எழுதினார். கையெழுத்து கோணலாக விழுந்தது.

வெள்ளத்தாய் அதை எட்டிப் பார்த்துச் சரி என்று தலையசைத்துவிட்டு, அவருடைய குடையை எடுத்து வந்து கையில் கொடுத்தாள்.

"அஞ்சரைத் தென்காசி பஸ்ஸ விட்டுறாதீக. அதுக்குப் பொறவு வாரதுல ராஜபாளையம் வரைக்கும் உக்கார எடம் கெடைக்காது."