நான் தோற்கடித்த அலெக்சாண்டர்

பாரசீகப் பேரரசு அலெக்சாண்டரை ஒரே ஒருமுறைதான் வென்றிருக்கிறது. பாளையங்கோட்டையில், ஒரு பெண்கள் கல்லூரியின் கூட்ட அரங்கில், ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில். அதற்கு முழுப் பொறுப்பும் என்னுடையதுதான்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. அந்தக் கல்லூரியின் வரலாற்றுத் துறையில் தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. 'தெரியாது' என்று சொன்னால் வேலை போய்விடும் என்று உறுதியாக நம்பிய காலம். (எம்.ஏ.வில் நான் படித்தது பெரும்பாலும் தென்னிந்திய வரலாறு. பாரசீகம் என்றால் எனக்குப் பேரீச்சம்பழம்தான் ஞாபகம் வரும்.) ஒருநாள் முதல்வர் சிஸ்டர் கூப்பிட்டு அனுப்பினார்.

"பாரசீக ராஜ்யம் விழுந்த கதைய வச்சு ரெண்டு மூணு படம் வந்திருக்காமே. பிள்ளைகளுக்கு ஒண்ணு போட்டுக் காட்டலாமா? நீங்க பாத்திருக்கீங்களா?"

"எல்லாம் பாத்திருக்கேன் சிஸ்டர்" என்றேன். ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

துறை அலமாரியில் கிடந்த ஒரு குறுந்தகட்டைத் தேடி எடுத்தேன். புரொஜெக்டரை வாடகைக்குக் கொண்டுவந்தவர் பெயர் ராயப்பன். உவரிக்காரர். வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போக, இவர் மட்டும் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு வண்ணார்பேட்டையில் கடை வைத்திருந்தார். "அண்ணாச்சி, வயரை ஓரமாப் போடுங்க" என்று அதிகாரமாகச் சொன்னேன். (அவருக்கு அன்றைக்கு வயது இருபத்தாறு. அந்த 'அண்ணாச்சி'க்கு இன்றுவரை மன்னிப்பு கிடைக்கவில்லை.)

படம் தொடங்கியது. திரையில் பேசியது தமிழுமில்லை, ஆங்கிலமுமில்லை. அடியில் எழுத்தும் ஓடவில்லை. அரங்கு நிறைய உட்கார்ந்திருந்த பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முன்வரிசையிலிருந்து சிஸ்டர், "நீங்கதான் பாத்திருக்கீங்களே, மைக்கப் பிடிச்சு வெளக்கிச் சொல்லுங்க" என்றார்.

திரையில் இரண்டு ராஜாக்கள். ஒருவர் நல்ல உயரம், ஒழுங்காக நறுக்கிய தாடி, பொன் தேர், அவர் வரும்போதெல்லாம் முரசு. இன்னொருவன் புழுதி படிந்த பையன். தலை சீவவில்லை, எதற்கெடுத்தாலும் கத்தினான். தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவள் நான். முரசோடு வருகிறவர்தானே கதாநாயகன்?

"இவர்தான் மாவீரன் அலெக்சாண்டர்" என்றேன். "அந்தப் பரட்டைத் தலை, பாரசீக மன்னன் டேரியஸ்."

புரொஜெக்டருக்குப் பின்னாலிருந்து ராயப்பன் இரண்டு கைகளையும் குறுக்கும் நெடுக்குமாக ஆட்டினார். வெளிச்சத்தை மறைக்கிறேன் என்கிறார்போல என்று இடப்பக்கம் நகர்ந்தேன். மறுபடி ஆட்டினார். வலப்பக்கம் நகர்ந்தேன். இப்படியே அரைமணி நேரம் மேடையில் அங்குமிங்குமாக நடந்துகொண்டே பாரசீகத்தை ஜெயிக்க வைத்தேன்.

போர்க்களத்தில் என் அலெக்சாண்டர் திடீரென்று தேரைத் திருப்பிக்கொண்டு ஓடினார். முதல் பெஞ்சிலிருந்து ஆயிஷா எழுந்தாள். மேலப்பாளையத்துப் பிள்ளை, கேட்காமல் விடமாட்டாள்.

"மிஸ், அலெக்சாண்டர் எதுக்கு அம்மாவையும் பொண்டாட்டியையும் விட்டுட்டு ஓடுதாரு?"

"ஓடல. இந்தியாவுக்குப் புறப்படுதாரு. இங்கன போரஸ் காத்துக்கிட்டிருக்காருல்லா."

கடைசியில் அவருடைய ஆட்களே அவரை ஒரு வண்டியில் வைத்துக் குத்திப் போட்டார்கள். ஆயிஷா மறுபடி எழுந்தாள்.

"காய்ச்சல்ல செத்தாருன்னுதான மிஸ் புக்ல இருக்கு?"

"காய்ச்சலும் இருந்தது" என்றேன்.

விளக்கு போட்டார்கள். பிள்ளைகள் போனபின் சிஸ்டர் மெதுவாக எழுந்து ராயப்பனிடம் போனார்.

"ஏம்ப்பா, படம் முழுக்க எதுக்குக் கைய ஆட்டிக்கிட்டே இருந்த?"

அவர் என்னைப் பார்த்தார். என் வேலை அந்த நொடியில் அவர் நாக்கில் இருந்தது.

"கொசு, சிஸ்டர்."

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "நானும் ஹிஸ்டரிதாம்மா படிச்சேன். அடுத்த வெள்ளிக்கிழம இதே பிள்ளைகளுக்கு இதே படம். தப்பு எதுன்னு நீங்களே அவங்ககிட்ட சொல்லிருங்க. அதுக்குப் பொறகு வேலையப் பத்திப் பேசுவோம்."

வராந்தாவில் நின்று அழுதேன். வயரைச் சுருட்டிக்கொண்டே வந்த ராயப்பன், "போன வாரம் தூத்துக்குடியில ஒரு காலேஜ்ல இதே படம் போட்டேன் மிஸ். அங்கன ஒரு சார் ஒவ்வொரு காட்சியா நிறுத்தி வெளக்கினாரு. கடைக்கு வாங்க, சொல்லுதேன்" என்றார்.

என் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன். படத்தைப் போட்டு, பைய ஒவ்வொரு காட்சியாகச் சொன்னார். உண்மையான டேரியஸ் வண்டியில் குத்துப்பட்டுக் கிடக்கும் காட்சியில் மட்டும் நிறுத்திவிட்டார்.

"எங்க ஊர்ல படகு கவுந்து, கூடப் போனவனக் கடல்ல விட்டுட்டுக் கரையேறுறவன் மூஞ்சி இப்படித்தான் இருக்கும். ஜெயிச்சவனப் பாக்க எல்லாரும் வருவாங்க மிஸ். நான் இவனுக்காகத்தான் இந்தப் படத்த ரெண்டாவது தடவ பாத்தேன்."

அதுவரை எனக்கு டேரியஸ் ஒரு பரீட்சைக் கேள்வி.

அடுத்த வெள்ளிக்கிழமை மைக்கைப் பிடித்து, "போன வாரம் நான் சொன்னது அத்தனையும் தப்பு. எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்" என்றேன். அரங்கு சிரித்துத் தீர்க்க ஐந்து நிமிடம் ஆனது. பிறகு படம் ஓடியது. அந்தப் பரட்டைத் தலை தன் போர்வையைக் கழற்றி டேரியஸின் உடலை மூடியபோது, ஆயிஷாகூட ஒன்றும் கேட்கவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. அதில் ஒன்று சிஸ்டருடையது.

வேலை நிலைத்தது. இரண்டு வருடம் கழித்து உவரிக் கோயிலில் எனக்கும் ராயப்பனுக்கும் கல்யாணம் நடந்தது.

இன்று அதே கல்லூரியில் நான் வரலாற்றுத் துறைத் தலைவி. வீட்டில் நான் எதையாவது அழுத்தம் திருத்தமாகச் சொன்னால், "சரி, பாரசீகம் ஜெயிச்சிட்டு" என்பார் ராயப்பன். போன மாதம் மகள் வரலாற்றுப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு போரில் வென்றது யார் என்று சந்தேகம். நான் வாயைத் திறந்தேன்.

"நீ சும்மா இரும்மா" என்றாள். "எனக்குப் பாஸாகணும். அப்பா கடையிலருந்து வந்ததும் கேட்டுக்கிடுதேன்."