வயோமிங் ஏணி

மரக்காணம் உப்பளத்தில் மே மாதத் தாகம் காலை பத்து மணிக்கு உச்சத்துக்கு வரும். வீட்டிலிருந்து கொண்டுபோன பாட்டில் ஒன்பதரைக்கே காலியாகிவிடும். இந்த அரைமணி நேர இடைவெளியைக் கருணையோடு பரிசீலித்த அரசு, பாத்திகளுக்கு நடுவே ஒரு கறுப்புத் தொட்டியை வைத்துக் குழாயும் மாட்டிக் கொடுத்திருந்தது. இருபது வருடமாக அங்கே உப்பு வாரும் சவரியம்மாளுக்கு, அரசாங்கம் செய்த காரியங்களிலேயே அந்தத் தொட்டி ஒன்றுதான் பிடிக்கும்.

பிப்ரவரியில் அந்தத் தொட்டிக்குப் போகும் வழி அடைபட்டது.

நான்கு பாத்திகள் ஒரு முனையில் சந்திக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சவரியம்மாளும் இன்னும் ஏழு பெண்களும் உப்பு வாருகிறார்கள். அது அரசு நிலம். அதற்குக் குறுக்கு மூலையில் தொட்டி நிற்கும் பாத்தி. அதுவும் அரசு நிலம். மிச்சமிருந்த இரண்டையும் வரப்போடு சேர்த்து, சென்னையிலிருந்து வந்த கௌதம் என்பவர் வாங்கி, கம்பிவேலி போட்டு, 'உப்புக் காற்று ஞான நிலையம்' என்று போர்டு மாட்டிவிட்டார். காரில் வந்து இறங்கியவர்கள் கட்டணம் கட்டி, வெயிலில் நின்று, உப்பு வாரி, மன அமைதி அடைந்து போனார்கள். சவரியம்மாள் இருபது வருடமாக அடைந்துவந்த அமைதிக்கு யாரும் ஒரு சான்றிதழ்கூடக் கொடுத்ததில்லை.

சேற்று வழியில் சுற்றிக்கொண்டு நடந்து போனால் மூன்று கிலோமீட்டர். போய்த் திரும்புவதற்குள் குடித்த தண்ணீர் வேர்வையாகப் போய்விடும். ஆகவே அவள் சங்கச் செயலாளர் ராஜவேலைக் கூட்டிக்கொண்டு, உப்பள நல அலுவலர் வெங்கடாசலத்திடம் மனு கொடுக்கப் போனாள்.

வெங்கடாசலம் அப்போதுதான் 'அயல்நாட்டு நீதிமுறை முன்மாதிரிகள்' என்ற பன்னிரண்டு நாள் ஆன்லைன் பயிற்சியை முடித்திருந்தார். அதிகாரிகளுக்கு அது அந்த வருடத்து ஃபேஷன். ஆளுக்கு ஓர் அமெரிக்க மாநிலம் கொடுத்தார்கள். ஆங்கில அகரவரிசையில் இவர் பெயர் கடைசி. மாநிலங்களில் கடைசி வயோமிங். மனுஷனை விட மாடு அதிகமாக வாழும் அந்த மாநிலத்தின் சட்டத்தை மரக்காணத்தில் நிலைநாட்டுவது என்று அவர் அன்றே முடிவு செய்துவிட்டார்.

"ஐயா, தண்ணி குடிக்க வழி உடச் சொல்லுங்க. வேலி ஓரமா ஒரு அடி இருந்தா போதும்" என்றாள் சவரியம்மாள்.

"நம்ம ஊர் சட்டத்துல தேடினா வருஷக்கணக்கா ஆகும்மா. வயோமிங்ல ரெடியா தீர்ப்பே இருக்குது."

"அது எங்கங்க? திண்டிவனம் தாண்டியா?"

"அமெரிக்காம்மா. அங்கேயும் இதே மாதிரி கட்டம் கட்டமா நிலம். வேட்டைக்குப் போன நாலு பேரு ஏணி போட்டு, தனியார் மண்ணுல கால் படாம, அரசாங்க நிலத்து மூலையிலேர்ந்து அடுத்த அரசாங்க நிலத்து மூலைக்குத் தாண்டிட்டாங்க. என் நிலத்துக்கு மேல இருக்குற காத்தும் என்னுதுன்னு ஓனர் கேஸ் போட்டாரு. தாண்டினது தப்பில்லைன்னு அப்பீல் கோர்ட் சொல்லிடுச்சு. சுப்ரீம் கோர்ட்டும் அதுல கை வைக்கலை."

"அவங்க மான் பிடிக்கப் போனாங்க. நாங்க தண்ணி குடிக்கப் போறோம் ஐயா."

"சட்டத்தின் முன் மானும் தண்ணியும் சமம்."

ராஜவேலுக்குப் புல்லரித்தது. உள்ளூர்க் கோர்ட்டிலேயே ஒரு வாய்தாவுக்கு மேல் பார்த்திராத சங்கத்துக்கு, அமெரிக்கத் தீர்ப்பு! மறுநாளே பேனர் வைத்தார்.

சர்வேயர் வந்து, நான்கு பாத்தியும் கூடும் முனையில் சிவப்புக் குச்சி நட்டார். இரண்டு பக்கமும் படி வைத்த இரும்பு ஏணி வந்தது. உப்புச் சேற்றில் அதன் கால்கள் இறங்கின; பலகை கொடுத்து நிமிர்த்தினார்கள். அப்போது கௌதம் சந்தனக் கலர் குர்தாவில் வந்து, மிகுந்த அமைதியோடு ஆட்சேபித்தார்.

"சார், இவங்க நிழல் என் நிலத்துல விழுதே."

வெங்கடாசலம் தீர்ப்பைப் புரட்டினார். நிழலைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. இல்லாத விஷயத்தில் அலுவலர் எச்சரிக்கையாகத்தான் இருக்க வேண்டும். நிழல் காலடியிலேயே விழும் நேரமான பன்னிரண்டு முதல் பன்னிரண்டு இருபது வரை மட்டும் தாண்டலாம் என்று உத்தரவானது.

"தாகம் பத்து மணிக்கு எடுக்குதுங்க" என்றாள் சவரியம்மாள்.

"அதைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கணும்மா."

"இடுப்புல வெச்ச குடம் என் காத்துல நீட்டிக்குது, சார்" என்றார் கௌதம்.

குடம் தலைக்குப் போனது. முழங்கை நீட்டிக்கொள்ளக் கூடாது என்று துணை உத்தரவு வந்தது. எட்டுப் பெண்களும் ஒரு வாரம் கையை மடக்கி, மூச்சைப் பிடித்து, ஏணியில் தங்கள் பக்கத்துப் படியிலேயே ஏறி இறங்கப் பழகினார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த பட்டணத்துக்காரர்கள், எங்களுக்கும் இந்த ஏணித் தியானம் வேண்டும் என்று கேட்க, கௌதம் தன் பங்குக்கு நாலு ஏணி வாங்கிப் போட்டார். கிளியனூரில் பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி இரண்டு பேர், நல்லா இருந்த கதவைச் சாத்திவிட்டு, கொல்லைக்கு ஏணி வழியாகப் போக ஆரம்பித்தார்கள். டீக்கடையில் மீதிச் சில்லறை கேட்டால்கூட, வயோமிங்ல இன்னா சொல்லியிருக்குன்னு பார்த்துட்டுத் தர்றேன் என்றார்கள்.

திறப்பு விழாவுக்கு மேளம் வந்தது. சவரியம்மாளுக்கு மாலை போட்டார்கள். பொய் சொல்வானேன், அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. சரியாகப் பன்னிரண்டு மணிக்குக் குடத்தைத் தலையில் வைத்து, முழங்கையை மடக்கி, ஏழு படி ஏறி, தனியார் காற்றை ஒரு விநாடியில் கடந்து, ஏழு படி இறங்கினாள். கைதட்டல் ஓயவில்லை. குழாயைத் திருகினாள். புஸ் என்று காற்று வந்தது.

விடியற்காலையில் வந்து தொட்டியை நிரப்பிவிட்டுப் போகும் லாரிக்கும் அதே வரப்புதான் வழி. வேலி போட்ட நாளிலிருந்து லாரி வரவில்லை. உரிமைக்கான போராட்ட மும்முரத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை.

"தண்ணி இல்லைங்க ஐயா!" என்று தொட்டிப் பக்கமிருந்து கத்தினாள்.

"வழி கேட்டீங்க, வழி குடுத்தாச்சு" என்றார் வெங்கடாசலம். "லாரியைப் பத்தி அந்தத் தீர்ப்புல ஒரு வார்த்தைகூட இல்லை. நானா எப்படிம்மா உத்தரவு போட முடியும்?"

"அப்ப நாங்க இன்னாதாங்க பண்றது?"

"வயோமிங்ல யாராவது லாரியோட இப்படி மாட்டணும். கேஸ் நடக்கணும், அப்பீல் போகணும். ஒரு அஞ்சு வருஷத்துல கெடைச்சிடும்."

"அந்த வேலியைப் பிச்சுப் போட்டா இன்னா?" என்றாள் அவள் ராஜவேலிடம்.

ராஜவேல் பதறிவிட்டார். "ஜெயிச்ச கேஸைக் கெடுத்துக்காதம்மா!"

அது நியாயமாகத்தான் பட்டது. ஞாயிற்றுக்கிழமை சவரியம்மாள் மாதா கோயிலில் முட்டி போட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே வேண்டிக்கொண்டாள்: "மாதாவே, வயோமிங்ல எவனாவது ஒரு லாரிக்காரன் சீக்கிரமா ஒரு வேலியில முட்டணும். அவனுக்கு அடிபடக் கூடாது. ஆனா போலீஸ் அவனை உடக் கூடாது."

பக்கத்திலிருந்த ஏழு பெண்களும் கண்ணை மூடி, மனசார ஆமென் சொன்னார்கள். கம்பிவேலியை வெட்டும் கட்டிங் பிளேயர் எட்டுப் பேர் வீட்டிலும் இருந்தது.