முப்பத்தொரு பேரும் முற்றாக உடன்படுகிறார்கள்

கல்முனைக்குடி,
செவ்வாய்க்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய விரிவுரையாளர் கலாநிதி சிவரூபினி மேடம் அவர்களுக்கு,

எங்கள் வழக்கப்படி ஸலாமும் உங்கள் வழக்கப்படி வணக்கமும் முதலில். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் எந்தக் குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்று துஆச் செய்துகொண்டு எழுதுகிறேன். நான் ஸைனுலாப்தீன், உங்கள் மாணவர் அப்ராஸின் மாமனார். சம்மாந்துறை வீதியில் முப்பத்தொரு பேர் வேலை செய்யும் அரிசி ஆலை என்னுடையது. அதாவது, உங்கள் மேசையில் கிடக்கும் ஆய்வில் ‘தெரிவு செய்யப்பட்ட நிறுவனம்’ என்று பெயர் மறைத்து எழுதப்பட்டிருப்பவன் நான்தான். மருமகன்தான் மறைத்திருக்கிறார். நான் எதையும் மறைக்கிறவன் அல்ல.

விசயத்துக்கு வருகிறேன். கிழமை நாளில் வங்கியில் வேலை, சனி ஞாயிறில் உங்கள் வகுப்பு என்று இரண்டு வருடமாக மனிதவள முகாமைத்துவத்தில் எம்பிஏ படித்து, கடைசி ஆய்வையும் கொடுத்துவிட்டு ஓய்ந்திருந்த மருமகனுக்குப் போன வெள்ளிக்கிழமை உங்கள் கடிதம் வந்தது. முப்பத்தொரு வினாக்கொத்திலும் ஒரே விடை இருப்பதாகவும், ஒரே ஆள் இருந்து நிரப்பிய மாதிரித் தெரிவதாகவும், வியாழக்கிழமை பத்து மணிக்கு விசாரணைக்கு வரவேண்டும் என்றும், பொய்த் தரவு என்று நிரூபணமானால் படிப்பிலிருந்து நீக்கப்படுவார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அன்றிலிருந்து அவர் சாப்பிடவில்லை. பக்கத்துப் பாண்டிருப்பில் பிறந்த உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை, எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருவார். வீடு மகளுக்கு, முன் அறை மருமகனுக்கு, மாமனுக்கும் மாமிக்கும் பின்பக்கம். மாமி மருமகனோடு முகம் பார்த்துக் கதைப்பது குறைவு, மாமன் நேரே ஒன்றைக் கேட்பதும் அழகில்லை, எல்லாம் மகள் வழியாகத்தான் போய் வரும். அப்படிப்பட்ட வீட்டில் மருமகன் சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பினால் அது பசியின்மை இல்லை மேடம், ஊருக்குச் சேதி. என் மனைவி ஸுலைஹா வெள்ளிக்கிழமை அறுக்குளா மீன் பொரித்தாள், சனிக்கிழமை இறால், ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழி. மூன்றும் போன மாதிரியே திரும்பி வந்தன. ஞாயிறு பின்னேரம் மகள் ஸப்னா என்னிடம் வந்தாள். அவளுக்கு இது ஏழாம் மாதம்.

“வாப்பா, அவரு படிப்ப விட்டுட்டு கட்டாருக்குப் போகப் போறாராம். பொய் எழுதினவன் எண்டு பேரெடுத்துட்டு பேங்க்ல எப்பிடி முகம் காட்டுற எண்டு கேக்காரு. புள்ள பொறக்கக்குள்ள அவரு இஞ்ச இருக்க மாட்டாரு போல” என்று சொல்லி அழுதாள்.

எனக்கு அறுபத்துமூன்று வயது. பெற்ற பிள்ளை அழுதால் கை கால் ஓடாது. அதனால்தான் மருமகனுக்குத் தெரியாமல் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். அவர் பொய் எழுதவில்லை. நடந்ததை ஒன்றும் விடாமல் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

மருமகன் படித்ததையெல்லாம் எங்கள் ஆலையில் செய்து பார்ப்பது வழக்கம். ஊழியர் குரலைக் கேட்க வேண்டும் என்று ஒரு ஆலோசனைப் பெட்டி செய்வித்து, நல்ல பச்சை நிறம் பூசி, வாயில் ஒரு வெட்டு வைத்து, பூட்டுப் போட்டு வாசலில் மாட்டினார். மாதம் முடியத் திறந்தால் ஒரு துண்டுக் கடதாசி இல்லை, முழுக்கச் சில்லறைக் காசு. பச்சைப் பெட்டி, பூட்டு, வெட்டு வாய், நம்மட ஆக்கள் பள்ளிவாசல் உண்டியல் என்றல்லாமல் வேறு என்னதான் நினைப்பார்கள், வேலைக்கு வரும்போது ஆளுக்கொரு ஸதகா போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். காசைப் பள்ளிவாசலுக்குக் கொடுத்துவிட்டு, ‘பதிலளிப்பு வீதம் பூச்சியம்’ என்று மருமகன் உங்களுக்கு எழுதினார். அதை நீங்கள் நம்பினீர்கள். பூச்சியத்தை நம்பிய நீங்கள் முப்பத்தொன்றை ஏன் நம்பவில்லை என்பதுதான் என் கேள்வி.

பிறகுதான் வினாக்கொத்து வந்தது. நாற்பது கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து பெட்டிகள், ‘முற்றாக உடன்படுகிறேன்’ என்பதில் தொடங்கி ‘முற்றாக மறுக்கிறேன்’ என்பது வரைக்கும். மருமகன் அதை எங்கள் மேற்பார்வையாளர் முபாறக்கிடம் கொடுத்து, யாரும் பெயர் எழுதத் தேவையில்லை, மாமா பார்க்க மாட்டார், மனதில் பட்டதைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வங்கிக்குப் போய்விட்டார். இனித்தான் சிக்கல். எங்கள் ஆட்களிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். வீட்டுக்குள் வெள்ளம் வந்தவனும் அல்ஹம்துலில்லாஹ், எல்லாப் புகழும் இறைவனுக்கே என்பான், மகனுக்கு விசா வந்தவனும் அல்ஹம்துலில்லாஹ். கிடைத்ததைக் குறை சொன்னால் இருப்பதும் போய்விடும் என்று பயந்த சனம். ‘எனது சம்பளம் எனக்குப் போதுமானது’ என்று கடதாசியில் இருக்கும்போது முபாறக் மறுக்கிறேன் என்று போட்டால், அது எனக்கு எதிரான பதில் அல்ல, ரிஸ்க் என்ற அன்றாட உணவைக் கொடுத்த படைத்தவனுக்கு எதிரான பதில். ஆகவே முப்பத்தொரு பேரின் விடையும் ஒன்றுதான், ஆனால் அந்த விடைக்குப் பெட்டி இல்லை. முபாறக் நிதானமான மனிதர், ளுஹர் தொழுகைக்குப் போன இடத்தில் மௌலவியிடமே கேட்டிருக்கிறார், அல்லாஹ்வைப் புகழுவதென்றால் அரைவாசியாகப் புகழுவதா முழுசாகப் புகழுவதா என்று. “முழுசாத்தான், அதுல என்ன சந்தேகம்” என்று மௌலவி சொல்லியிருக்கிறார். மௌலவி வினாக்கொத்தைப் பார்க்கவில்லை, முபாறக்கும் காட்டவில்லை. வந்து எல்லாரிடமும் முதல் பெட்டிக்குப் போடச் சொல்லிவிட்டார். கீழே ‘உங்கள் கருத்து’ என்றிருந்த இடத்தில் அல்ஹம்துலில்லாஹ் என்று எழுதினார்கள். கை முழுக்கத் தவிடாக இருந்தவர்களுக்கு எங்கள் கந்தோரில் பில் எழுதுகிற பிள்ளை எழுதிக் கொடுத்தாள். நீங்கள் கண்ட ஒரே கையெழுத்து அவளுடையது, மருமகனுடையது அல்ல. அவருடைய கையெழுத்தை ஒரு மனிதனால் வாசிக்க முடியாது.

உங்கள் கடிதத்தில் ஒரு இடம் எனக்கு உண்மையில் வலித்தது. முப்பத்தொரு தாளிலும் அல்ஹம்துலில்லாஹ் என்றிருக்கிறது, ஆனால் ஆய்வின்படியே ஊழியரில் ஒருவர் காரைதீவைச் சேர்ந்த சைவ சமயத்தவர், அதுவே மோசடிக்குப் போதிய சான்று என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் புண்ணியமூர்த்தி, பதினெட்டு வருடமாக எங்கள் கொதிகலனில் நெல் அவிக்கிறவர். நான் அவரிடமே கேட்டேன்.

“என்ன புண்ணியமூர்த்தி, நீங்களும் அப்பிடி எழுதியிருக்கீங்களாமே?”

“எல்லாரும் ஒண்டை எழுதக்குள்ள நான் மட்டும் வேற எழுதினா நல்லாவா இருக்கும் ஹாஜியார். பொறகு அந்தத் தாள் என்ர எண்டு எல்லாருக்கும் தெரிஞ்சிரும். பேர் எழுத வேண்டாம் எண்டுதானே மருமகன் தம்பி சொன்னவர்.”

பாருங்கள் மேடம், இரகசியம் காப்பது பற்றி நீங்கள் ஒரு பாடம் முழுக்கப் படிப்பித்திருப்பீர்கள். அதைச் சரியாக விளங்கியவர் உங்கள் வகுப்புக்கே வராத புண்ணியமூர்த்தி.

அடுத்தது அந்த எதிர்மாறான கேள்விகள். வாசிக்காமல் போடுகிறவர்களைப் பிடிப்பதற்காக நாலு கூற்றுகளைத் தலைகீழாக வைப்பார்களாம், அதிலும் எங்கள் ஆட்கள் முற்றாக உடன்பட்டிருக்கிறார்களாம். இந்த ஆலையில் சந்தோசமாக இருக்கிறேன், முற்றாக உடன்படுகிறேன், வேறு வேலை கிடைத்தால் நாளைக்கே போய்விடுவேன், அதுக்கும் முற்றாக உடன்படுகிறேன். இதற்கு நான் சொல்லும் விளக்கம் ஒன்றுதான். மூட்டை அடுக்குகிற கை, ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போயிருக்கிறது. வாசிக்கவில்லை. என் ஆட்களுக்கு என்னில் ஒரு குறையும் கிடையாது, இருந்தால் எனக்குத் தெரியாமல் போகுமா. நான் ஒவ்வொரு நாளும் அவர்களோடு கதைக்கிறவன். போன கிழமைகூட முபாறக் என்னிடம் வந்து, “ஹாஜியார், தவிட்டுத் தூசி பத்தி ஒண்டு சொல்லணும்” என்று தொடங்கினார். தூசி பறந்தால் மில் ஓடுகிறது, மில் ஓடினால் எல்லார் வீட்டிலும் அடுப்பெரியும், ஆகவே அவர் நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. முதுகில் தட்டி அனுப்பினேன். மருமகனும் அப்படித்தான், நோன்புப் பெருநாளன்று வழக்கத்துக்கு மாறாக நேரே வந்து, “மாமா, நான் ஒங்களோட ஒண்டு கதைக்கணும்” என்றார். பாவம், பெருநாளில் என்ன கதை, முதலில் வட்டிலப்பம் சாப்பிடுங்கள் என்று இருத்தி, நானே என் தொழில் அனுபவத்தை ஒரு மணித்தியாலம் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவருடைய ஆய்வுக்கு அது உதவியிருக்கும்.

இருந்தாலும் உங்கள் திருப்திக்காக நேற்றுக் காலை மறுபடியும் ஒரு பரிசோதனை வைத்தேன். நெல் காய வைக்கும் களத்தில் முப்பத்தொரு பேரையும் வரிசையாக நிறுத்தி, முன்னால் ஒரு கதிரை போட்டு இருந்துகொண்டு, “பயப்படாம உண்மையச் சொல்லுங்க, என்னில என்ன குறை?” என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். முப்பத்தொரு பேரும் ஒரே வாயாகச் சொன்னார்கள், அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையும் இல்லை என்று. விஞ்ஞான முறைப்படி இரண்டு தரம் அளந்தும் ஒரே விடை வந்தால் அது உண்மை என்று மருமகனின் புத்தகத்திலேயே இருக்கிறதாம், மகள் வாசித்துச் சொன்னாள்.

ஆகவே மேடம், என் மருமகனை விட்டுவிடுங்கள். இது போதாதென்றால் வியாழக்கிழமை சாகாமத்துக்கு நெல் ஏற்றப் போகும் லொறியை நிறுத்தி, எல்லாரையும் ஏற்றிக்கொண்டு நானே விசாரணைக்கு வருகிறேன். கதைப்பது நான், அவர்கள் தலையாட்டினால் போதும். என் பேரப்பிள்ளை பிறக்கும்போது அதன் வாப்பா கட்டாரில் அல்ல, என் வீட்டு முன் அறையில் இருக்க வேண்டும். அதற்கு மேல் எனக்கு இந்தத் துன்யாவில் ஒரு கோரிக்கையும் இல்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் மரியாதையையும் சிறியவர்களுக்கு என் வாழ்த்தையும் சொல்லுங்கள். உங்கள் படிப்பிலும் கையெழுத்திலும் இறைவன் பரக்கத் செய்வானாக.

இவ்வண்ணம்,
தங்கள் நல்லபிப்பிராயத்தை எதிர்பார்க்கும்,
அல்ஹாஜ் ஸைனுலாப்தீன்.

பிற்குறிப்பு: இது புதன்கிழமை காலை எழுதுவது. முப்பத்தொரு பேரும் சாட்சிக் கையெழுத்து வைத்தால் கடிதம் பலமாக இருக்கும் என்று நினைத்து, முபாறக்கிடம் கொடுத்து எல்லாருக்கும் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். வாசித்து முடிந்தது. பேனையை ஒருவரும் எடுக்கவில்லை.

“ஏன் முபாறக் நிக்கிறீங்க, வைங்க கையெழுத்த.”

“ஹாஜியார், எல்லாம் சரி. அந்த மாறிக் கேட்ட கேள்விய வாசிக்காம போட்டம் எண்டு எழுதியிருக்கீங்க, அது மட்டும் சரியில்ல. மூணு கேள்வி கை போன போக்குல போட்டதுதான். பத்தொன்பதாவத எல்லாரும் இருந்து, வாசிச்சி, கதைச்சித்தான் போட்டம்.”

கந்தோரில் மிஞ்சிக் கிடந்த வெற்று வினாக்கொத்து ஒன்றை எடுத்துப் பத்தொன்பதாவதைப் பார்த்தேன். ‘முதலாளி நாங்கள் சொல்வதைக் கடைசி வரை கேட்பதில்லை.’ மனம் உடைந்துபோனது மேடம். நான் கேட்கிறவன்தான் என்று அவர்களுக்கு விளக்கினேன். விளக்கி முடிக்கும்போது களத்து நெல்லில் வெயில் ஏறிவிட்டது. அவ்வளவு நேரமும் முபாறக் ஏதோ சொல்ல வாயைத் திறந்தபடியே நின்றிருக்கிறார், பிறகுதான் கண்டேன். வீட்டுக்கு வந்து மகளிடம் விசாரித்தேன். மற்ற முப்பத்தொன்பது கேள்வியும் வெளிநாட்டுப் புத்தகத்தில் எடுத்ததாம். பத்தொன்பதாவதை மட்டும் மருமகன் தானாக எழுதினாராம்.

எனவே நான் விசாரணைக்கு வருவதாக எழுதியதை வெட்டிவிடுங்கள். நாளைக்கு மருமகனோடு முபாறக் வருவார். தூசியைப் பற்றி அவர் சொல்ல வந்தது இன்னும் முடியவில்லை, அவரை இருத்தி முழுவதையும் கேளுங்கள், மருமகனையும் கேளுங்கள். இருவரும் சொன்னதை எனக்கு ஒரு கடிதமாக எழுதி அனுப்பினால் பெரிய உதவி. கடிதமென்றால் நான் குறுக்கே கதைக்க ஏலாது, கடைசி வரி வரைக்கும் வாசிப்பேன்.