ஐரோப்பாவோடு சண்டை போட்ட கடலை மில்காரர்

ஒரு கண்டத்தோடு தனியாளாக நின்று சண்டை போட்ட மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். அவரிடம் சம்பளமும் வாங்கியிருக்கிறேன். அவர் வாழ்நாளில் போன அதிகபட்ச தூரம் தூத்துக்குடி. ஆனால் சண்டை போட்டது ஐரோப்பாவோடு. அதுவும் முழு ஐரோப்பா. ஒரு நாட்டைக்கூட அவர் மிச்சம் வைக்கவில்லை.

திருவரங்குளத்திலிருந்து ஆலங்குடி போகும் சாலையில் அவருடைய கடலை மில். சுற்றுவட்டாரத்தில் விளையும் நிலக்கடலையை வாங்கி, மேல்தோடு உடைத்து, சொத்தை பொறுக்கி, பருப்பை மூட்டை கட்டிக் கப்பலில் அனுப்புவார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்தது. ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. ஊருக்கு அவர் ‘யூரோப்பு’. மில்லில் பருப்பு பொறுக்கும் பெண்கள் அவர் வண்டிச் சத்தம் கேட்டதுமே, “ஏய், யூரோப்பு வருது, பேச்ச நிறுத்துங்கடி” என்பார்கள். நான் அங்கே கம்ப்யூட்டரில் கணக்கு போடவும், வெளிநாட்டுக்காரர்களோடு ஆங்கிலத்தில் பேசவும் சேர்ந்தவள். எனக்கும் அவர் ஒரு பெயர் வைத்திருந்தார்: கம்ப்யூட்டரு.

‘யூரோப்பு’ என்ற பட்டம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் நல்ல விளைச்சல். கையிலிருந்த முதல் அத்தனையையும் போட்டு ஒரு பெரிய கன்டெய்னர் நிறையப் பருப்பை ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அங்கே துறைமுகத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, “பூஞ்சை நஞ்சு எங்கள் அளவுக்கு மேல் இருக்கிறது, இறக்க முடியாது” என்று சொல்லிவிட்டார்கள். கடலையில் ஈரம் தங்கினால் வருகிற நஞ்சு அது. கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. பல காலம் தின்றால் ஈரலைப் பிடிக்கும். சரக்கு முழுவதும் திரும்பி வருகிறது என்று நான் படித்துச் சொன்னதும் மனிதர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

“ஏம்ப்பா கம்ப்யூட்டரு, அந்தம்மாவுக்குப் போனப் போடு!”

அந்தம்மா என்பவர் அங்கே கடலை வாங்கும் கம்பெனியில் பொறுப்பாக இருந்தவர். நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

“கேளு அந்தம்மாகிட்ட! காயில தண்ணி தெளிக்காம மெஷின்ல விட்டா பருப்பு ரெண்டாப் பொளக்கும். பொளந்தத அனுப்புனா முழுசா இல்லம்பீங்க. தண்ணி தெளிச்சு முழுசா அனுப்புனா ஈரம்பீங்க. ஒங்களுக்கு என்னதாங்க வேணும்? கடலையா, ரத்தினக்கல்லா? எங்க பக்கம் எல்லா மில்லுலயும் தண்ணி தெளிச்சுத்தான் ஒடைக்கிறோம். எவன் செத்தான்? பேரச் சொல்லச் சொல்லு!”

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: “எங்கள் முதலாளி மிகவும் வருத்தப்படுகிறார்.”

“அம்புட்டுத்தானா? தொண்டைத் தண்ணி வத்தக் கத்தியிருக்கேன், நீ ஒத்த வரியில முடிச்சிட்ட?”

“இங்கிலீஷ் சுருக்கமாத்தாண்ணே வரும்.”

அந்தப் பக்கம் அந்த அம்மா நிதானமாகக் கேட்டார்: “குரலைக் கேட்டால் வருத்தப்படுகிறவர் மாதிரி தெரியவில்லையே?”

சரக்குக் கப்பல் ஆடி அசைந்து வந்து சேரும் வரைக்கும் எங்களுக்கு நிம்மதியே இல்லை. எதற்கெடுத்தாலும் ஐரோப்பாவைத் திட்டினார், பட்டம் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. மழை பெய்யவில்லையென்றால் ஐரோப்பா. “புகைய விட்டு வானத்தக் கெடுத்தது யாரு? அவன்தானே?” அந்தப் பக்கம் போர் நடந்த நேரம் அது, யூரியா கிடைக்கவில்லையென்றாலும் ஐரோப்பா. “அங்கிட்டு அவனுக ஒருத்தன ஒருத்தன் அடிச்சுக்குவானுக, இங்கிட்டு நம்ம சம்சாரி உர மூட்டைக்கு வரிசையில நிக்கணுமா?” இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கலாம்தான். ஆனால் நிஜமாகவே நின்றார்கள். வேகாத வெயிலில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றவர்களை நானும் பார்த்தேன். எங்கேயோ விழுகிற குண்டுக்கு அரிமளத்துச் சம்சாரி ஏன் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்கும் பற்றிக்கொண்டுதான் வந்தது.

அந்தப் போரால் ஐரோப்பாவில் சூரியகாந்தி எண்ணெய்க்குத் தட்டுப்பாடு, கடைகளில் ஆளுக்கு இத்தனை பாட்டில்தான் என்று செய்தி வந்தபோது மில்லுக்கே டீ வாங்கிக் கொடுத்தார். “வேணும்! நல்லா வேணும்! எண்ணெயில்லாமக் கெடக்கட்டும்!” டீ ஆறுவதற்குள் முகம் மாறிவிட்டது. “ஏம்ப்பா, அப்ப சின்னப் புள்ளைகளுக்கு எதுல சமைச்சுக் குடுப்பாக?” என்றார். நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன். எதைச் சொன்னாலும் அடுத்த சண்டை என்னோடு என்று எனக்குத் தெரியும்.

மில்லில் பருப்பை நிறம் பார்த்துப் பிரிக்கிற மெஷின் ஒன்று உண்டு. அது ஐரோப்பாவில் செய்தது. அதை விற்கவும் மனம் வரவில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை. கம்பெனிப் பெயரின் மேல் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டார். அந்த வருடம் ஆயுத பூஜையில் தராசுக்குச் சந்தனம், தள்ளுவண்டிக்குச் சந்தனம், கூட்டுகிற விளக்குமாற்றுக்குக்கூடச் சந்தனம். அந்த மெஷினுக்கு மட்டும் கிடையாது. பருப்பு பொறுக்கும் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்த நூர்ஜஹான் அக்காவுக்கு மனம் கேட்கவில்லை.

“மொதலாளி, பாவம் அது என்ன பண்ணுச்சு? வருசம் பூராவும் ஒழைக்குதுல்ல.”

“ஒழைக்கட்டும். சோறு போடுறேன்ல? கரண்ட் பில்லு யாரு கட்டுறா?”

அவர் சாப்பிடப் போன நேரத்தில் அக்காவே ஒரு பொட்டை வைத்துவிட்டார். திரும்பி வந்தவர் அதைப் பார்த்தார். பார்க்காத மாதிரி போய்விட்டார்.

இன்னொரு நாள் பேப்பரில் ஒரு செய்தி. ஐரோப்பாவுக்குத் தேவையான கச்சாப் பொருள்கள் தடையில்லாமல் கிடைக்கவும், அவர்கள் உணவுக்குப் பங்கம் வராமல் பார்த்துக்கொள்ளவும் பெரிய பெரிய ஆட்கள் உட்கார்ந்து கொள்கை வகுக்கிறார்கள் என்று. நான் சும்மா இருந்திருக்கலாம். வாய்விட்டுப் படித்துத் தொலைத்தேன்.

“கச்சாவா? எது கச்சா? குனிஞ்சு களையெடுத்து, செடியப் புடுங்கி, காய ஆஞ்சு, காயப் போட்டு, ஒடைச்சு, ஒவ்வொண்ணாப் பொறுக்கி அனுப்புறோம். இதுக்கு மேல என்ன பக்குவம் வேணுங்கறான்? இதையே இங்கன மிட்டாயா உருட்டி அனுப்புனா வரியப் போடுவான். பருப்பா அனுப்புனா வரியில்லாம வாங்கிக்குவான். லாபம் அவன் ஊர்ல நிக்கணும், தூசி மட்டும் நம்ம மூக்குல ஏறணும், அதானே? அவனுக்குச் சாப்பாட்டுக்குக் கொறை வந்துறக் கூடாதுன்னு கூட்டம் போடுறான். நம்ம சாப்பாட்டுக்கு எவன் கூட்டம் போட்டான்?”

அவர் கத்துவது வழக்கம்தான். ஆனால் அன்றைக்குச் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை.

ஒருவழியாகச் சரக்கு வந்து இறங்கியது. குடோன் நிறைய மூட்டைகள். அதை விற்றால்தான் அடுத்த பட்டத்துக் கடலையை வாங்க முடியும். விற்காவிட்டால் மில்லைப் பூட்ட வேண்டியதுதான். பொறுக்குகிற பெண்கள் எல்லோருக்கும் அது தெரியும். வீட்டில் உலை வைக்கிற கவலையோடுதான் அவர்களும் அந்த மூட்டைகளைப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாளே வெளியூரிலிருந்து ஒரு கடலைமிட்டாய்க் கம்பெனிக்காரர் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கார். எப்படித்தான் மோப்பம் பிடித்தாரோ தெரியவில்லை. ஒரு மூட்டையைப் பிரித்து நாலு பருப்பை வாயில் போட்டுக்கொண்டார்.

“மொத்தமா எடுத்துக்குறேண்ணே. ஒண்ணும் கவலப்படாதீக.”

யூரோப்பு முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தீகளா? வாயில போட்டவுக சொல்றாக, நல்ல கடலைன்னு. இதப் போயி வெஷம்னானே அந்த யூரோப்புக்காரன்!”

“அட, அவன் அளவு வேற, நம்ம அளவு வேறண்ணே. இங்கன சட்டம் கொஞ்சம் எளக்கமாத்தான் இருக்கு. மிட்டாயா உருட்டிப் பள்ளிக்கூடத்து வாசல் பெட்டிக்கடையில போட்டா ஒரே வாரத்துல காலி. அவனுக்குத்தான் ஒத்துக்காது. நம்ம சனத்துக்கு எல்லாம் தாங்கும்ணே.”

யூரோப்பின் சிரிப்பு அப்படியே நின்றது. இந்த மனிதர் கோபப்பட்டு நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். கோபத்தில் சத்தம் குறைந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

“என்ன சொன்னீக?”

“இல்லண்ணே, நம்ம சனத்துக்குத் தாங்கும்னு...”

“ஏன், நம்ம சனத்துக்கு ஈரல இரும்புலயா அடிச்சு வச்சிருக்கு?”

மிட்டாய்க்காரர் சிரித்துப் பார்த்தார். எடுபடவில்லை. யூரோப்பு திரும்பி நூர்ஜஹான் அக்காவைக் கூப்பிட்டார்.

“நூரு, ஒம் மக பள்ளிக்கூடத்து வாசல்ல மிட்டாய் வாங்கித் திங்குமா?”

“தெனமும் கேட்டு அழுவுமே மொதலாளி.”

“இத வித்தா மில்லு ஓடும். ஒனக்கு வேலையிருக்கும். விக்கலைன்னா பூட்டணும். நீயே சொல்லு. விக்கவா?”

அக்கா மூட்டையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“வேலைய வேற எடத்துல பாத்துக்கலாம் மொதலாளி.”

“கேட்டீகளா?” என்று யூரோப்பு மிட்டாய்க்காரரிடம் திரும்பினார். பழைய சத்தம் வந்துவிட்டது. “வெஷமில்லைன்னா அவன் தின்னுருக்கணும். வெஷம்னா எவனும் திங்கக் கூடாது. அவன் புள்ளைக்கு ஆகாதது ஏம் புள்ளைக்கு ஆகும்னா, அப்ப ஏம் புள்ள என்ன ரெண்டாந் தரமா? கார எடுங்க. எடுங்கங்கறேன்!”

எனக்குக் கண்ணீர் முட்டியது. துக்கம் இல்லை, ஆத்திரம். அவர்கள் குழந்தைக்கு ஒரு அளவு, நம் குழந்தைக்கு ஒரு அளவாம். அங்கே நஞ்சாக இருந்தது கப்பலில் திரும்பி வரும்போது எந்தக் கடலில் தின்பண்டமாக மாறியது? இதைக் கேட்க வேண்டியவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கேட்டது கைலியை மடித்துக் கட்டிய ஒரு கோபக்காரர்தான்.

அடுத்த வாரம் அத்தனை மூட்டையும் அரிமளம் பக்கத்திலிருந்த ஒரு செங்கல் சூளைக்குப் போனது, எரிக்க. கடலையில் எண்ணெய் இருக்கிறதல்லவா, திகுதிகுவென்று பிடித்துக்கொண்டது. சுற்று ஊருக்கெல்லாம் வறுகடலை வாசம். வேலைக்குப் போனவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். ஆடு மேய்த்தவர்கள் ஆட்டோடு வந்தார்கள். ஒருவர் வீட்டிலிருந்து வெல்லமே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். யூரோப்பு கையில் ஒரு கம்போடு சூளையைச் சுற்றிச் சுற்றி ஓடினார்.

“கிட்ட வராதீக! கையக் குடுத்தீக, ஒடைச்சுப்புடுவேன்! வெஷம்யா, வெஷம்!”

“யூரோப்புக்காரன் சொன்னப்ப இல்லைன்னீக?” என்றார் வெல்லக்காரர்.

“அவன் சொன்னா இல்லைம்பேன். நான் சொல்றேன்ல, இருக்கு. போய்யா அங்கிட்டு!”

மனிதருக்கு மூளை குழம்பிவிட்டது என்று ஊரே பேசியது. தின்கிற பொருளைத் தீயில் போடுகிறான், விளங்குவானா என்று சாபம் கொடுத்தவர்களும் உண்டு. எல்லோரையும் திருப்பித் திட்டினார்.

ஒருநாள் அந்த அம்மா போன் செய்தார். திரும்பி வந்த சரக்கு உள்ளூரில் நல்ல விலைக்குப் போயிருக்குமே என்று சாதாரணமாகக் கேட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. மற்றவர்கள் செய்வது அதுதான் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. நான் அதை யூரோப்பிடம் தமிழில் சொன்னேன்.

“எரிச்சுட்டேன்னு சொல்லு. எங்க புள்ளைகளும் ஒங்க புள்ளைக மாதிரிதான்னு சொல்லு. அப்பறம், அவுக சொன்னதுக்காக ஒண்ணும் எரிக்கல, அதையும் சேத்துச் சொல்லு!”

ஒரு சொல்லையும் விடாமல் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த அம்மா மெதுவாக நன்றி சொன்னார். இத்தோடு ஐரோப்பா மனம் திருந்தி எங்களிடம் கடலை வாங்கியது என்று நான் எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். வாங்கவில்லை. அடுத்த வருடம் வேறு நாட்டில் வாங்கிக்கொண்டார்கள்.

மில் ஒரு பட்டம் பூட்டிக் கிடந்தது. பெண்கள் முந்திரி உடைக்கப் போனார்கள். நான் திருச்சியில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டேன். பிறகு மனைவியின் வளையலை அடகு வைத்துச் சின்ன அளவில் திறந்தார் என்று கேள்விப்பட்டேன். தண்ணீர் தெளிப்பது அடியோடு நின்றுவிட்டது. பாதிப் பருப்பு உடைந்து செக்குக்குத்தான் போகிறது, வரும்படி பெரிதாக இல்லை. ஆனால் நூர்ஜஹான் அக்காவும் மற்றவர்களும் திரும்பி வந்துவிட்டார்கள்.

போன மாதம் என் மகளைக் கூட்டிக்கொண்டு மில்லுக்குப் போயிருந்தேன். யூரோப்புக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது, சத்தம் மட்டும் குறையவில்லை. யூரியா விலைக்காக ஐரோப்பாவைத் திட்டிக்கொண்டே, புதுக் கடலையில் ஒரு பிடி அள்ளினார். ஒவ்வொரு பருப்பாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத நஞ்சைக் கண்ணாலேயே தேடினார். கொஞ்சம் சுருங்கியிருந்ததைத் தூக்கி எறிந்தார். முதல் பருப்பைத் தன் வாயில் போட்டு மென்றுவிட்டு, மிச்சத்தை என் மகளின் உள்ளங்கையில் வைத்தார்.

அவள் என்னைப் பார்த்தாள். வெளியில் எதை வாங்கிக் கொடுத்தாலும் அட்டையைத் திருப்பி நாலு தடவை படிக்கிறவள் நான். “தின்னும்மா,” என்றேன்.