ஏழாம் நம்பர் டோக்கனும் ஆடுகிற சாவியும்

பதினாறாயிரத்து நானூற்று எண்பது. எங்கள் கம்பெனிக் கரும்பலகையில் பிளம்பர் நெட்டையண்ணன் பேருக்கு நேரே, கடன் என்று போட்டு எழுதியிருந்த தொகை. அந்த மனுஷன் கம்பெனியில் ஒரு காசு கைமாற்று வாங்கியதில்லை. கான்கிரீட் உடைக்கிற பெரிய டிரில் மிஷின் ஒன்று காணாமல் போனது. எடுத்தது நெட்டையண்ணன்தான் என்று ஒரு சாவி சொல்லிவிட்டது. அந்த மிஷினின் விலை அது.

ஆமாம், சாவிதான். உங்கள் வீட்டுச் சாவிக்குப் பூட்டைத் திறக்க மட்டும் தெரியும். எங்கள் கம்பெனிச் சாவி திருடனைப் பிடிக்கும்.

எட்டு வேன், இருபத்தாறு ஆள். குழாய், வயரிங், வெல்டிங் எல்லா வேலையும் எடுப்போம். ஆளுக்கொரு பித்தளை டோக்கன் உண்டு, நம்பர் போட்டது. சாமான் அறையில் ஒரு கருவியை எடுத்தால் அது தொங்கிய ஆணியில் நம் டோக்கனை மாட்டிவிட்டுப் போகணும். சாயங்காலம் கருவியை மாட்டிவிட்டு டோக்கனை எடுத்துக்கணும். வண்டிச் சாவிகள் எட்டும் ராத்திரிக்கு, சாமான் அறையைப் பார்த்துக்கொள்கிற ஸ்டோர்காரர் வசம். பச்சைப் பிள்ளைக்குக்கூடப் புரிகிற ஏற்பாடு. அதனாலேயே முதலாளிக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. மூளைக்கு எட்டாததைத்தானே பெரிசு என்பார்கள்.

அதனால் ஸ்டோர்காரர், சாவி ஐயா என்று ஒருத்தரைக் கூட்டி வந்தார். கறுப்பு ஜிப்பா, கறுப்புக் கண்ணாடி, கறுப்பு நூல். வேன் சாவியை நூலில் கட்டி, மேசையில் பரப்பிய டோக்கன்களுக்கு மேலே பிடிப்பார். கண்ணை மூடுவார். முழுக்க மூடினாரா என்று கறுப்புக் கண்ணாடிக்குத்தான் தெரியும். சாவி ஆடும். எந்த டோக்கன் பக்கம் சாய்கிறதோ அவன் திருடன்.

முதல் வாரமே ஓர் அற்புதம். காணாமல் போன, கம்பி அறுக்கிற கிரைண்டர் இரண்டாம் வண்டியில் பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது என்றார். இருந்தது. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூட்டிய வண்டிக்குள் யார் வைத்தார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நாலாம் வண்டி டிரைவர் நானும் கையைக் கட்டிக்கொண்டு நின்றவன்தான், பொய் சொல்வானேன்.

அப்புறம் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆனால் கேட்டிலிருந்து தெருமுனை வரை வரிசை. ஆளுக்கு நூற்றைம்பது. மற்ற கம்பெனி டிரைவர்கள், வேலை போனவர்கள், மோதிரம் தொலைத்தவர்கள். மகன் மாச வருமானத்தில் பொண்டாட்டியிடம் எவ்வளவு கொடுக்கிறான் என்று கேட்க ஒரு அம்மா இரண்டு பஸ் மாறி வந்தார். எங்களுக்கு வரிசை கிடையாது, காசைக் கூலியிலேயே பிடித்துக்கொண்டார்கள். சாவி ஐயா ஊருக்கு வெளியே புது வீடு கட்டத் தொடங்கினார்.

கம்பெனி நடந்த லட்சணத்தைக் கேளுங்கள். கருவியைத் தொட்டால்தானே சாவி நம் பேரைச் சொல்லும்? தொடாமலே இருப்போம் என்று ஆளாளுக்கு முடிவு செய்தோம். பிளம்பர்கள் வெறுங்கையோடு குழாய் மாட்டப் போனார்கள். எலக்ட்ரீஷியன் வயரைப் பல்லால் உரித்தார். எந்த வண்டிக்கு ஆயில் மாற்றணும் என்றுகூட முதலாளி சாவியைத்தான் கேட்டார். சாவி ஆறாம் வண்டி என்றது. மூன்றாம் வண்டி நடுரோட்டில் புகைந்து நின்றது. மூன்றுக்குப் பொறாமை என்றார் சாவி ஐயா. தலையாட்டினோம். ஆட்டுகிற தலைக்கு எடை குறைவு.

இந்த அமளியில்தான் டிரில் மிஷின் போனது. ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஆணியில் மிஷினும் இல்லை, டோக்கனும் இல்லை. சாவி ஆடி ஏழாம் நம்பர் பக்கம் சாய்ந்தது. ஏழு, நெட்டையண்ணன். ஸ்டோர்காரரும் கருவி எடுத்தால் டோக்கன் மாட்டணும் என்று முதலாளி முன்னால் சொன்ன ஒரே ஆள் அவர். சாவிக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி.

மாசக் கடைசிக்குள் முழுத் தொகையும் கட்டணும், இல்லாவிட்டால் வேலை கிடையாது. அதைவிட மோசம் வெளியே. மச்சான் வீட்டுக்குப் போனாராம். மச்சான் பேச்சோடு பேச்சாக மேசையில் கிடந்த கைக்கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டாராம். அதைச் சொன்ன அன்றைக்கு நெட்டையண்ணன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவேயில்லை.

கெடு முடிகிற வெள்ளிக்கிழமை. எதற்கும் இன்னொரு தடவை கேட்டுவிடலாம் என்றார் முதலாளி. கூட்டம் சூழ்ந்து நின்றது. டோக்கன்களைப் பரப்பினார்கள். வண்டி கழுவுகிற அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தது.

"ஐயா, ஒரு சந்தேகம். நம்பரைப் பாக்குறது நீங்களா, சாவியா?"

"சாவிதாம்மா. நான் வெறும் கை."

"அப்ப சரி. டோக்கனையெல்லாம் குப்புறப் போட்டுக் கலைச்சு வைக்கிறேன். சாவியே பாத்துச் சொல்லட்டும்."

வண்டி கழுவுறவளுக்கு இங்கே என்ன பேச்சு என்று ஸ்டோர்காரர் பாய்ந்தார். முதலாளிக்குத்தான் சாவி மேல் மலையளவு நம்பிக்கையாச்சே. கலைக்கட்டும் என்றார். தன் ஒன்றாம் நம்பர் டோக்கனையும் பெருமையாகக் கழற்றி அதில் போட்டார்.

சாவி ஆடியது. ரொம்ப நேரம் ஆடியது. ஒரு டோக்கன் பக்கம் சாய்ந்தது. அக்கா புரட்டிக் காட்டியது. பத்தொன்பது. கால் முறிந்து இரண்டு மாசமாக ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற தச்சர்.

இன்னொரு தடவை என்றார் சாவி ஐயா. அக்கா மறுபடி கலைத்தது. சாவி சாய்ந்தது. புரட்டினால் ஒன்று.

முதலாளி தன் டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் வெல்டர் மெதுவாக, "விடுங்க முதலாளி, சொந்த மிஷினை எடுத்தா அது திருட்டுல சேராது" என்று ஆறுதல் சொன்னார்.

சாவி களைத்துவிட்டது, ஈரக்கை பட்டதில் சக்தி போய்விட்டது என்றார் சாவி ஐயா. கூட்டத்தில் பாதி அதற்கும் தலையாட்டியது. அக்கா சாவி ஐயாவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பியது. "அந்தத் திங்கக்கெழம உங்க நாலாம் வண்டியில சிமெண்ட் தூசி அப்பிக் கெடந்துச்சு. சனிக்கெழம சாயங்காலந்தான் கழுவிவிட்டேன். நீங்க நோட்டுல கிலோமீட்டர் எழுதுவீங்களே, பாருங்க."

நாற்பது வயசுக்கு மேல் எழுத்துக் கற்றவன் நான். பழகுவதற்கு எழுத வேறொன்றும் கிடைக்காமல், தினம் சாயங்காலம் என் வண்டி ஓடிய கிலோமீட்டரை எழுதி வைப்பேன். காலையில் அதையே படித்துச் சரிபார்ப்பேன். நோட்டை எடுத்தேன். கூட்டத்துக்கு முன்னால் எழுத்துக் கூட்டிப் படித்தேன். சனி சாயங்காலம் எண்பத்தோராயிரத்து இருநூற்று ஆறு. திங்கள் காலை எண்பத்தோராயிரத்து இருநூற்று ஐம்பத்திரண்டு. அன்றைக்கு நான் தப்பாக எழுதிவிட்டேன் என்று நினைத்து, சனிக்கிழமைக் கணக்கை அடித்துத் திருத்தியிருந்தேன். சாவி தப்பு செய்யாது, புதுசாய் எழுதக் கற்றவன்தான் செய்வான் என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

பூட்டின வண்டி ஷெட்டுக்குள் நின்றபடியே நாற்பத்தாறு கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இதுதான் அசல் அற்புதம். ஆனால் அதற்குச் சாவியை ஆட்டக்கூடாது, திருகணும்.

சாவி ஐயா புது வீடு கட்டுகிறாரே, எவ்வளவு தூரம் என்று நெட்டையண்ணன் கேட்டார். அந்த மாசத்தில் எல்லார் முன்னாலும் அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. ஸ்டோர்காரர் கண் கேட்டைத் தேடியது. கேட்டில் வரிசை நின்றது, வழியில்லை.

என் வண்டியிலேயே போய்ப் பார்த்தோம், போக இருபத்துமூன்று கிலோமீட்டர். பாதி கட்டின வீடு. மாடிப்படிக்கு அடியில் சாக்கைத் தூக்கினால் எங்கள் டிரில் மிஷின், கம்பெனி நம்பர் பொறித்தபடி. பக்கத்தில் இரண்டு கிரைண்டர், ஓர் ஏணி. ஞாயிற்றுக்கிழமை வாடகைக்குத்தான் விட்டேன் என்றார் ஸ்டோர்காரர். வாடகைக்குப் போனது திரும்பாவிட்டால் ஒரு டோக்கனுக்குத் திருட்டுப் பட்டம். அவ்வளவுதான் தொழில். இரண்டு பேரையும் போலீஸ் வந்து அழைத்துப் போனது. அந்த வண்டிக்கும் சாவி போட்டுத்தான் கிளப்பினார்கள்.

முதலாளி பிடித்த காசையெல்லாம் திருப்பித் தந்தார். பலகையை அழிக்கக் கையைத் தூக்கினார். நெட்டையண்ணன் தடுத்துவிட்டார்.

"சும்மா அழிச்சா, பாவம்னு விட்டுட்டீங்கன்னு பேசுவாங்க முதலாளி. 'இவன் எடுக்கலை'ன்னு பக்கத்துல எழுதுங்க. ஒரு வாரம் இருக்கட்டும். எல்லாரும் பாக்கட்டும்."

எழுதினார். முதல் ஆளாகப் படிக்க மச்சானைக் கூட்டி வந்தார் நெட்டையண்ணன். மச்சான் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் கேட்டில் வரிசை. நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டு, சரி, வேறு நல்ல சாவிக்காரர் யாராவது இருக்கிறாரா என்றார்கள். ஒருத்தர் வண்டி கழுவுகிற அக்காவிடமே வாளித் தண்ணீரில் குறி பார்க்க முடியுமா என்று கேட்டார்.

"கழுத்துக்கு மேல ஒண்ணு வச்சிருக்கீங்களே, அதை எப்பவாச்சும் ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்றது அக்கா. "ரொம்ப நாள் சும்மா நிறுத்தி வச்சா பேட்டரி இறங்கிரும்."

நெட்டையண்ணன் அக்கா கையிலிருந்த ஈரத்துணியை வாங்கினார். பதினாறாயிரத்து நானூற்று எண்பதைத் துடைத்தார். பக்கத்தில் எழுதியிருந்ததை மட்டும் விட்டுவிட்டார். நான் போகும்போதும் வரும்போதும் அதை எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். படிக்கக் கற்க எனக்கு நாற்பது வருஷம் பிடித்தது. யோசிக்கக் கற்க உங்களுக்கு எத்தனை வருஷம் வேணும்?